காப்புக் கட்டிய கையோடு எழுதிய பரீட்சை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் பட்டறையில் சம்பள நாளில் கையெழுத்துப் போடத்தான். நிக்கல் தொட்டியிலும் அமிலத்திலும் வருடக்கணக்கில் முக்கியெடுத்த விரல்கள் இப்போது பேனாவைப் பிடித்தால் நடுங்குகின்றன. எழுத்துப் பிழைகளும் இருக்கும். எந்த இடத்தில் எந்த 'ழ' என்பது எனக்கு இன்றும் குழப்பம்தான். படிக்கிறவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் மன்னிப்புக் கேட்பது இதற்கு மட்டும்தான். இனி சொல்லப்போகும் விஷயத்துக்கு இல்லை.

எங்கள் ஊரில் பிளஸ் டூ படிக்கிற பெண் பிள்ளைகளிடம் ஒரு கதை சொல்கிறார்கள். "காப்பு கட்டிகினு எல்லைய தாண்டி பரிச்சைக்கு போனாளே ஒருத்தி, தெரியுமா?" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒருத்தி என் மகள். எல்லை தாண்டிக் கூட்டிப்போனவன் நான். கதை சொல்கிறவர்கள் அவரவர் வசதிக்கு ஏற்றபடி சொல்கிறார்கள். நான் நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கிறவன் இல்லை. டீக்கடையில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்வதற்கே தொண்டையைச் செருமிக்கொள்வேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆவடியிலிருந்து வெள்ளானூர் போகிற வழியில் உள்ளே பிரிகிற ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம். எங்கள் அப்பா காலத்தில் எல்லோரும் பிறர் நிலத்தில் நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள். என் காலத்தில் நிலம் மனைகளாகிவிட்டது. நாங்கள் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனோம். எனக்கு முலாம் பூசுகிற பட்டறையில் வேலை. சைக்கிள் பாகங்களை அமிலத்தில் கழுவி, நிக்கல் தொட்டியில் தொங்கவிட்டு, பளபளவென்று எடுத்துக் கொடுப்போம்.

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது என் காலில் அமிலம் கொட்டிவிட்டது. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அவள்தான் என்னோடு வந்தாள். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. புண்ணைச் சுத்தம் செய்துகொண்டே, "பூட்ஸ் போடாம வேலை செய்யச் சொன்னது யாருய்யா?" என்று என்னை அதட்டினாள். பட்டறை முதலாளியைப் பற்றி இன்னும் கடுமையாக ஏதோ சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மகள், "நைனா, நான் அந்தம்மா மாதிரி ஆவப்போறேன்" என்றாள். ஊசி போடுவதற்காகவா, அதட்டுவதற்காகவா என்று கேட்டேன். "ரெண்டுத்துக்கும்தான்" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் பேச்சு. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கி, ஆவடியில் பெண்கள் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்தாள். தமிழ் வழிப் படிப்பு. அதனால் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. காலையில் பட்டறைக்குக் கிளம்பும் முன் அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பேன். எனக்கு ஒன்றும் புரியாது. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். "சிறுநீரகத்தின் அமைப்பை விவரி" என்பேன். அவள் பல் துலக்கிக்கொண்டே சொல்வாள். நான் விரல் வைத்து வரி வரியாகச் சரிபார்ப்பேன். ஒரு சொல் விட்டுப்போனாலும் நிறுத்திவிடுவேன். "நைனா, அர்த்தம் ஒண்ணுதான் நைனா" என்பாள். "புக்குல அப்பிடி இல்லியே" என்பேன்.

எங்கள் வீடு ஒரே அறை. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் இதயத்தையும் மூளையையும் வரைந்து வைப்பாள். என் மனைவி பெருக்கும்போது அதை மட்டும் விட்டுச் சுற்றிப் பெருக்குவாள். அதன் மேல் யாரும் உட்காரக்கூடாது. வீட்டுக்கு வந்த என் மைத்துனர் ஒருமுறை தெரியாமல் மூளையின் மேல் உட்கார்ந்துவிட்டு, அதில் பாதியை வேட்டியில் எடுத்துக்கொண்டு போனார்.

செய்முறைத் தேர்வில் கரப்பான் பூச்சியை அறுத்துக் காட்ட வேண்டும். பழகிப் பார்க்கப் பூச்சி வேண்டும் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். எல்லோரும் தீப்பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து தெருவில் அவளுக்குக் 'கரப்பான் டாக்டர்' என்று பெயர். எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டு, "ஏண்டி, எங்க ஊட்ல ரெண்டு கரப்பானுக்கு ஜுரமாம், கொஞ்சம் வந்து பாக்குறியா?" என்பாள். இவளும் சும்மா இருக்க மாட்டாள். "டோக்கன் வாங்கிகினு வரச் சொல்லுக்கா" என்பாள்.

பிளஸ் டூ பரீட்சை பங்குனியில் வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என் மனைவி எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொண்டாள். மகள் பரீட்சையை நல்லபடி எழுதி டாக்டருக்குப் படிக்கப் போக வேண்டும். அதற்காகச் சித்திரைத் திருவிழாவில் மகளே காப்புக் கட்டித் தீ மிதிப்பாள். இதுதான் வேண்டுதல். எங்களிடம் கேட்கவில்லை. வேண்டிக்கொண்ட பிறகுதான் சொன்னாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மற்றவர்களைக் கேட்டுக்கொண்டு யாரும் வேண்டிக்கொள்வதில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக இந்தக் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள் நனைத்த நூலில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்து, தீ மிதிக்கிறவர்கள் மணிக்கட்டில் பூசாரி கட்டுவார். கட்டிய நாளிலிருந்து தீ மிதித்து முடிக்கிற வரையில் அவர்கள் கறி மீன் சாப்பிடக்கூடாது. பாயில் படுக்கக்கூடாது. முக்கியமாக, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தீ மிதித்த பிறகு பூசாரியேதான் அதை அவிழ்க்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

டாக்டர் சீட்டுக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும் போதாது. அதற்கென்று ஒரு நுழைவுத் தேர்வு. இரண்டு மார்க்கையும் சேர்த்துத்தான் பட்டியல் போடுவார்கள். அந்தத் தேர்வு வைகாசியில், நகரத்தில் ஒரு கல்லூரியில். நாங்கள் நாள் பார்த்தோம். தீமிதி முடிந்து சில நாள் கழித்துத்தான் தேர்வு. ஒன்றும் இடிக்கவில்லை. மகளும், "கட்டிக்கிறேன், படிக்கிறதுக்கு வசதிதான். வெளிய எங்கியும் போவ வேணாம்" என்றாள். பூசாரி காப்புக் கட்டினார். இரண்டு நாள் எல்லாம் நன்றாக நடந்தது. மூன்றாம் நாள் பூசாரியின் சித்தப்பா இறந்துபோனார்.

பூசாரி வீட்டுக்குப் பதினாறு நாள் தீட்டு. அவர் கோயிலுக்குள் நுழைய முடியாது. வேறு பூசாரி எங்கள் அம்மனைத் தொட முடியாது. திருவிழா நின்றது. ஆனால் கட்டிய காப்பு கட்டியதுதான். அவிழ்க்க வேண்டியவருக்கே தீட்டு. காப்புக் கட்டியிருந்தவர்கள் எல்லோரும் ஊருக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஒருவன் லாரியில் கிளீனர். லாரி அவனை விட்டுவிட்டு பம்பாய் போய்விட்டது. டேங்க் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு திருவிழாவுக்கு வந்த ஒருவர், லீவு முடிந்தும் போக முடியாமல் கோயில் வேப்ப மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார். "தீட்டு போவறதுக்குள்ள எனக்கு வேலையே போய்டும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் மகளுக்கு நாள் எண்ணத் தெரியும். தேர்வு நாள் தீட்டுக்குள் வந்தது.

இந்த நிலையில் ஒரு காரியம் நடந்தது. எங்கள் ஊரில் கோயில் காரியம் பார்க்கிறவரைப் பெரியதனக்காரர் என்போம். அவருடைய இரண்டாவது மகனும் காப்புக் கட்டியிருந்தான். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனியிலிருந்து ஆள் வந்து, டூட்டிக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனான். உடனே பெரியதனக்காரர் அம்மனிடம் பூக் கேட்க ஏற்பாடு செய்தார். பம்பை மேளம் அடிக்க வந்திருந்தவர் வெளியூர்க்காரர், அவருக்குத் தீட்டில்லை. சாத்தியிருந்த கோயில் கதவுக்கு முன்னால் வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் காகிதத்தில் மடித்து உருட்டிப் போட்டார். ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால் எல்லை தாண்டலாம். சிவப்பு வந்தால் கூடாது.

சிவப்பு வந்தது. "பம்பை சரியா அடிக்கல, அம்மன் எறங்கல" என்றார் பெரியதனக்காரர். மறுபடி அடித்தார்கள். மறுபடியும் சிவப்பு. "குழந்த எதுவோ தின்னுகினு எடுக்குது, கைய கழுவி எடுக்க சொல்லு" என்றார். கழுவிக்கொண்டு வந்து எடுத்தது. வெள்ளை. எல்லோரும் கும்பிட்டார்கள். மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனான். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். நானும்தான் கும்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் என் மனைவி கோயிலுக்குப் போய்ப் பெரியதனக்காரரிடம் கேட்டாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். மகள் எனக்குப் பின்னால்.

"பொண்ணுக்கு பரிச்சை கீது. ஒரு நாள், போய்ட்டு வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துருவா. அம்மன கேளுங்க" என்றாள் என் மனைவி.

பெரியதனக்காரர் மகளை எட்டிப் பார்த்தார். "அதான் எழுதி முடிச்சிட்டாளே. இன்னும் இன்னா பரிச்சை?"

"இது டாக்டருக்கு எழுதறது."

கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவன், "இன்னா மாமே, கரப்பானுக்கு தனியா ஆஸ்பத்திரி தொறக்கிறாங்களா?" என்றான். சிரித்தார்கள். இன்னொருவர், "டாக்டரானா மட்டும் நம்ம ஊர்லயா குந்திகினு ஊசி போடப்போறா? டவுனுக்கு போய்டும் அது" என்றார்.

பூப் போட்டார்கள். அதே குழந்தை எடுத்தது. சிவப்பு.

பம்பைக்காரர் வழக்கம்போல மறுபடி அடிக்கக் கையை ஓங்கினார். பெரியதனக்காரர் தடுத்தார். "அவ்ளோதான். அம்மன் சொல்லியாச்சு."

என் மனைவி, "இன்னொரு தபா..." என்றாள்.

"எத்தினி தபா கேட்டுகினு இருப்ப? அம்மன இன்னா கிண்டலா பண்ற?"

முந்தின நாள் மூன்று தடவை கேட்டது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தொண்டை வரை வந்தது. வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவி அழுதாள். நான் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். அவள் பயந்துபோனாள்.

"யோவ், உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? எம் பொண்ணுக்கு எதனா ஆச்சின்னா யாரு பாக்குறது? கட்டுன காப்புய்யா அது."

மகள் தரையில் புத்தகத்தை விரித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள். "யம்மா, நீ இன்னான்னு வேண்டிகின?"

"நீ டாக்டருக்கு படிக்கணும்னுதாண்டி."

"பரிச்சைக்கு போவாம எப்பிடிம்மா படிக்கிறது? அம்மனே வந்து எழுதுவாளா?"

என் மனைவி எழுந்தாள். அடுப்பைப் போய்ப் பார்த்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அடுத்த சில நாளும் மகள் படித்துக்கொண்டேதான் இருந்தாள். நுழைவுத் தேர்வில் விவரி, விளக்கு என்று கேட்க மாட்டார்கள். ஒரு கேள்வி, நாலு விடை, சரியானதைக் குறிக்க வேண்டும். சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கி வந்த பழைய கேள்வித்தாள் புத்தகம் ஒன்று இருந்தது. யாரோ முன்பே பென்சிலால் விடை குறித்து வைத்திருந்தார்கள். அதையெல்லாம் ரப்பரால் அழித்துவிட்டுப் போட்டுப் பார்த்தாள். "இத வெச்சிருந்தவங்களுக்கு சீட் கெடைச்சிருக்காது நைனா, பாதி தப்பு" என்றாள். விலங்கியல், தாவரவியல் எல்லாம் வேகமாகப் போட்டாள். இயற்பியல் கணக்கில் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதில் என்னால் உதவ முடியாது. விடையைச் சரிபார்க்கக்கூட முடியாது. பள்ளியிலும் அந்த வருடம் இயற்பியலுக்கு டீச்சர் பாதியில் மாற்றலாகிப் போய்விட்டார். வேறு டீச்சர் வரவே இல்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு.

தேர்வு நாள் விடியற்காலையில் நான் சைக்கிளைத் துடைத்தேன். மகள் பள்ளிச் சீருடையைத்தான் போட்டுக்கொண்டாள். கையில் காப்பு அப்படியே இருந்தது. என் மனைவி இட்லி கட்டிக் கொடுத்தாள். வாசல் வரை வரவில்லை.

ஊர் எல்லையில் ஒரு கல் உண்டு. திருவிழா சமயத்தில் அதற்கு மஞ்சள் பூசி, சாலைக்குக் குறுக்கே கயிறு கட்டி வேப்பிலை தொங்கவிடுவார்கள். பக்கத்திலேயே டீக்கடை. பெரியதனக்காரர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரோடு ஐந்தாறு பேர். வழக்கமாக அந்த நேரத்துக்கு அவர் எழுந்திருக்கவே மாட்டார்.

"இன்னா அண்ணாத்தே, டாக்டரம்மாவ ஏத்திகினு எங்க கெளம்பிட்ட?" என்றான் ஒருவன்.

நான் சைக்கிளிலிருந்து இறங்கினேன். மகள் பின்னால் கேரியரில் உட்கார்ந்தே இருந்தாள்.

பெரியதனக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மன் வேணான்னு சொன்னது காதுல உழலியா உனுக்கு?"

"உழுந்துச்சி."

"அப்பறம்?"

சைக்கிள் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் வாயிலிருந்து வந்ததை நான் முன்கூட்டி யோசித்து வைக்கவில்லை.

"உங்க புள்ளைக்கு மூணு தபா கேட்டீங்க. எம் பொண்ணுக்கு ஒரு தபா கேட்டீங்க. மிச்சம் ரெண்டு தபாவ நானே கேட்டுகினேன்னு வெச்சுக்கங்க."

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். பிறகு அடக்கிக்கொண்டான். பெரியதனக்காரர் எழுந்து நின்றார். "அப்பிடி போவறதுன்னா காப்ப அறுத்து இந்த கல்லு மேல வெச்சிட்டு போ. கட்டிகினு தாண்டக்கூடாது."

"நான் அறுக்க மாட்டேன்" என்றாள் என் மகள். "எங்கம்மா வேண்டிகினது. எழுதிட்டு வந்து மிதிக்கிறேன்."

"வந்தா மிதிக்க உடுவோம்னு நெனச்சிகினு கீறியா?"

அவள் என்னைப் பார்த்து, "நைனா, ட்ரெய்ன் போய்டும்" என்றாள்.

நான் ஏறி மிதித்தேன். பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "ஊருக்கு எதனா ஆச்சின்னா நீதான் பதில் சொல்லணும்!" நானும் திரும்பிப் பார்க்காமல் கத்தினேன். "சொல்றேன்!" அந்தச் சத்தம் என்னுடையதா என்று எனக்கே சந்தேகம். வேப்பிலை தலையில் உரசியது. சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடி நேரானது.

ஆவடியில் மின்சார ரயில் ஏறினோம். எதிரில் கீரைக் கூடையோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வேப்பம்பட்டிலிருந்து வருகிறவள். என் மகளின் கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வில்லிவாக்கம் தாண்டியதும் அவளுக்குத் தாங்கவில்லை. "இன்னா கண்ணு, தீ மிதிக்கிறியா? எந்த ஊரு?"

நான் பயந்துகொண்டே சொன்னேன். காப்போடு எல்லை தாண்டி வந்ததற்கு இவளும் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அதுக்கு இன்னாயா?" என்றாள். "எங்க ஊர்ல காப்பு கட்டிகினேதான் மார்க்கெட்டுக்கு வருவோம். பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுக்கு போய்டணும், அவ்ளோதான். பத்து நாள் குந்திகினு இருந்தா சோத்துக்கு எங்க போவறது? உங்க ஊர்ல எல்லாரும் ஜமீன்தாருங்களா?"

மகள் சத்தமாகச் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். கையில் வைத்திருந்த சூத்திரத் தாளை மடித்துப் பையில் வைத்தாள். அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை.

கல்லூரி வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. பெற்றோர்கள் மரத்தடியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார்கள். இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். ஒருவர் என்னிடம், "உங்க டாட்டருக்கு கோச்சிங் எங்கே?" என்று கேட்டார். "ஊட்லதாங்க" என்றேன். "யார் எடுத்தாங்க?" என்றார். நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். பிறகு, "நான்தாங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் என் செருப்பைப் பார்த்தார். அவர் எதை வேண்டுமானாலும் பார்க்கட்டும். இரண்டு வருடம் காலையில் கேள்வி கேட்டவன் நான்தானே. அதில் பொய் என்ன இருக்கிறது?

தேர்வு முடிந்து மகள் வெளியே வந்தாள். முதலில் அவள் சொன்னது கேள்வித்தாளைப் பற்றி இல்லை. உள்ளே மேற்பார்வைக்கு வந்த அம்மா அவள் கையில் மஞ்சள் நூலைப் பார்த்துவிட்டு, பிட்டுப் பேப்பரைச் சுருட்டிக் கட்டியிருக்கிறாள் என்று சந்தேகப்பட்டு, அவிழ்க்கச் சொல்லியிருக்கிறார்.

"நீ இன்னா சொன்ன?"

"அவுக்கக்கூடாது மேடம், மஞ்ச கெழங்குதான், வேணும்னா மோந்து பாருங்கன்னு கைய நீட்டினேன்."

"பாத்தாங்களா?"

"மோந்து பாத்தாங்க நைனா. தும்மிட்டு போய்ட்டாங்க."

பஸ் நிறுத்தம் வரை சிரித்துக்கொண்டே வந்தோம். பிறகு நான் கேட்டேன். விலங்கியலும் தாவரவியலும் நன்றாக எழுதினாளாம். வேதியியல் பரவாயில்லையாம். "பிசிக்ஸ்தான்..." என்று நிறுத்திவிட்டாள்.

ஊர் எல்லைக்கு வரும்போது வெயில் இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு குடம். டீக்கடை பெஞ்சு நிறைய ஆட்கள். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, நான் கேட்கவில்லை. குடத்துத் தண்ணீரை மகளின் காலில் ஊற்றினாள். மஞ்சள் கரைத்த தண்ணீர். என் காலிலும் ஊற்றினாள். பெஞ்சைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உள்ள வா. நம்ம ஊரு இது" என்றாள்.

தீட்டுக் கழிந்து தீமிதி நடந்தது. சொன்னபடியே என் மகளை வரிசையில் நிற்கவிடவில்லை. காப்பையாவது அவிழ்த்துவிடுங்கள் என்று என் மனைவி பூசாரியிடம் கேட்டாள். எல்லை தாண்டின காப்பைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். மற்றவர்கள் எல்லோரும் அவிழ்த்துக்கொண்டு கறி சாப்பிட்டார்கள். என் மகள் கையில் அது அப்படியே கிடந்தது. அதோடு சாப்பிட்டாள், குளித்தாள். மஞ்சள் வெளுத்து நூல் அழுக்குப் பிடித்தது. கிழங்கு சுருங்கிப்போனது.

பிளஸ் டூ முடிவு வந்தபோது அவள்தான் அவள் பள்ளியிலேயே உயிரியலில் முதல். நுழைவுத் தேர்வு மார்க்கும் வந்தது. பிறகு பட்டியல் வந்தது. அதில் அவள் இல்லை. கொஞ்சத்தில் போய்விட்டது.

அன்று வீட்டில் யாரும் சமைக்கவில்லை. மறுநாளே ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்படி ஆளிடம் சொல்லி அனுப்பினார்கள். மூன்று பேரும் போனோம்.

பெரியதனக்காரர் அன்று கோபமாகப் பேசவில்லை. இரக்கப்படுகிற மாதிரி பேசினார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"பாத்தியாப்பா? நாங்க சொன்னப்போ கேக்கல. அம்மன் கண்ண தொறந்து காட்டிட்டா. இப்போ ஒண்ணும் கெட்டுப்போவல. குடும்பத்தோட அம்மன் முன்னால உழுந்து, தெரியாம செஞ்சிட்டோம்னு சொல்லுங்க. பூசாரி காப்ப அவுத்துடுவாரு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். விழுந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கு அந்த ஆசை இருந்தது, எனக்குத் தெரியும். மகள் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு நாளாக அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. இனி அவள் வாழ்நாள் முழுக்க, சீட் கிடைக்காமல் போனது இந்த நூலால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது.

"தெரியாம செய்யல" என்றேன். "தெரிஞ்சிதான் செஞ்சோம்."

நான் அவ்வளவு பேர் முன்னால் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை.

"அவ பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் டீச்சர் பாதியில போய்ட்டாங்க. வேற டீச்சர் வரல. அதான் மார்க் கொறஞ்சிது. அம்மன் மேல பழி போடாதீங்க. அம்மன் எம் பொண்ணுக்கு ஒரு கெடுதியும் செய்யல."

பட்டறையில் கம்பி வெட்டுகிற சின்னக் குறடு என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தேன். மகளைப் பார்த்தேன். அவள் கையை நீட்டினாள். என் மனைவி, "ஐயோ" என்று ஒரு முறை சொன்னாள். பிறகு அவளே வந்து, மகளின் கை ஆடாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நூலை வெட்டினேன். ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. மணிக்கட்டில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக ஒரு வளையம் போல இருந்தது.

அதைக் கீழே போடவில்லை. வாசலில் நட்டிருந்த சூலத்தில் கட்டிவிட்டுக் கும்பிட்டேன். அம்மனோடு எனக்குச் சண்டை இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. விழவில்லை, அவ்வளவுதான். திரும்பி நடந்தோம். யாரும் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு கோயில் பிரசாதம் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. வராவிட்டால் போகட்டும்.

அடுத்த வருடம் மார்க்கை உயர்த்த பிளஸ் டூவை மறுபடி எழுதினாள். நுழைவுத் தேர்வையும் எழுதினாள். இயற்பியலுக்கு அம்பத்தூரில் ஒருவரிடம் போய்ப் படித்தாள். அந்த வருடம் வேண்டுதல் இல்லை, காப்பு இல்லை. மார்க் நன்றாக ஏறியது. மற்றவர்களுக்கும் ஏறியிருந்தது. மறுபடியும் கிடைக்கவில்லை. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். காப்போடு போனபோதும் கிடைக்கவில்லை, காப்பில்லாமல் போனபோதும் கிடைக்கவில்லை. கதை சொல்கிறவர்கள் இந்த இரண்டாவதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

போதும் நைனா என்று அவளே சொன்னாள். விலங்கியல் எடுத்துப் பட்டப்படிப்பு படித்தாள். இப்போது ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். பையன்களை நன்றாக அதட்டுகிறாளாம். வீட்டுக்கு வருகிறவர்கள் சிலர் இன்னும், "பாவம், டாக்டராயிருக்க வேண்டிய பொண்ணு" என்கிறார்கள். பாவம் ஒன்றும் இல்லை. ஆசைப்பட்டதற்குப் போய் உட்கார்ந்து எழுதினாள். ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. இரண்டுமுறையும் அவளைச் சைக்கிளில் உட்கார வைத்து அந்தக் கல்லைத் தாண்டியவன் நான். மூன்றாவது முறை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தால் மூன்றாவது முறையும் தாண்டியிருப்பேன்.

1997 ஆகஸ்டு 17, ஞாயிற்றுக்கிழமை.